முப்பத்தொரு பேரும் பதில் சொல்லவில்லை

முன்னொரு காலத்திலே, எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் சந்தேகம் அதிகமாகவும் இருந்த ஒரு காலத்திலே, ஓர் ஊர் இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் நடுச்சாமத்துக்குப் பயப்படுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் உச்சிப்பொழுதுக்குப் பயந்தார்கள். சூரியன் தலைக்கு நேரே வந்து, மனிதனின் நிழல் அவன் காலடிக்குள் ஒடுங்கியதும் தெருக்கதவுகள் எல்லாம் சாத்திக்கொள்ளும். நாய்கூடக் குரைக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. தெற்குத் தெருக்கோடியில் ஒரு கல்கிணறு. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து, உச்சிப்பொழுதில் அந்தக் கிணற்றுப் பக்கமிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பேச்சு. யார் பேரோ அவருக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறவருக்குக் கேட்காது. கேட்டவர் மூன்றாம் நாள் பாடையில் போவார் என்றார்கள்.

ஊரை ஆண்டவர் மகுடவர்ம ராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "அத்தாட்சி எங்கே?" என்பார். பாயசம் இனிக்கிறது என்றால்கூட நாலு பேரைக் குடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொடுவார். அவருடைய அரண்மனை மாந்திரீகர் காளகண்டர். இந்தக் காளகண்டர் குரலுக்கு ஒரு மாற்றுக் கண்டுபிடித்தார். கறுப்புக் கயிறு, மந்திரம் ஓதி ஒன்பது முடிச்சு. அதை அரைஞாணாக இடுப்பில் கட்டிக்கொண்டால் குரல் கிட்டே வராதாம். உயிர் யாருக்குத்தான் வெல்லம் இல்லை? ஊரில் நாலுக்கு மூன்று பேர் கட்டிக்கொண்டார்கள்.

ராஜா உத்தரவு போட்டார். "கயிறு கட்டிய ஒவ்வொருவரையும் கேளுங்கள், கயிறு காத்ததா இல்லையா என்று. ஒருவர் விடாமல் கேட்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அது அத்தாட்சி ஆகாது."

காளகண்டரின் ஆட்கள் வீடு வீடாகப் போய் மூவாயிரம் பேரைக் கேட்டார்கள். மூவாயிரம் பேரும் ஒரே பதில்: "காத்துச்சு சாமி. இதோ, உசுரோடதானே நிக்கிறேன்!" காளகண்டர் அதோடு விடவில்லை. ஒரு மாதம் மயானத்து எல்லைக்கல்லில் ஆள் போட்டு, வருகிற பிணங்களையும் பார்க்கச் சொன்னார். நாற்பது பிணம் வந்தது. ஒன்றின் இடுப்பிலும் கயிறு இல்லை.

சபையில் காளகண்டர் இதைச் சொன்னபோது தூண்கூட ஆமாம் போட்டிருக்கும். "கட்டியவர் எல்லோரும் உயிரோடு. செத்தவர் எவரும் கட்டவில்லை. இதற்குமேல் அத்தாட்சி ஏது மகாராஜா?" பிரதானிகள் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கடுக்கன்கள் கழன்று விழாததுதான் பாக்கி.

தலையாட்டாதவன் ஒருவன்தான். விகடகவி மருதப்பன். எப்போதும் சபையைச் சிரிக்க வைக்கிற அவனுக்கு அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை. ஏனென்றால் இரண்டு காவலர் நடுவே, கையில் விலங்கோடு அவனுடைய அக்காள் பவளாயி நின்றுகொண்டிருந்தாள்.

பவளாயி மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவளுடையது. காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் போய், "கயிறு கெடக்குது கழுதை. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாந்திரீகர் காதுக்கு அது எட்டாமல் இருக்குமா?

"இவள் இடுப்பில் கயிறு இல்லை" என்றார் காளகண்டர். "ஆனால் தினமும் சாவு வீடுகளுக்குள் போகிறாள், வருகிறாள். இவளை மட்டும் குரல் ஏன் தொடவில்லை? குரலே இவளுடையதுதான் மகாராஜா! இவளைக் கிணற்றில் இறக்கிக் கல்லால் மூடினால் ஊர் பிழைக்கும்."

"வரும் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மருதப்பன் ராஜாவின் காலடியில் விழுந்தான்.

"மருதப்பா, இதுவும் வேடிக்கையா?"

"இல்லை மகாராஜா. முழங்கால் தானாக மடங்கிவிட்டது. என் தாய் போனபின் எனக்குச் சோறு ஊட்டியவள் இவள். இவள் போனால் எனக்குச் சிரிப்பும் போய்விடும். பிறகு தங்களுக்கு விகடகவி எதற்கு?"

காளகண்டர் மீசையை நீவிக்கொண்டார். இந்தக் கோமாளி ராஜா பக்கத்தில் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்து பத்து வருஷம் ஆகிறது. "அவ்வளவு நம்பிக்கை இருந்தால் விகடகவி தன் இடுப்புக் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு, ஓர் உச்சிப்பொழுது கிணற்று மேடையில் தனியாக உட்காரட்டுமே!"

ஆமாம், மருதப்பன் இடுப்பிலும் ஒரு கயிறு இருந்தது. பயம் எல்லோருக்கும் பொதுதானே.

"உட்காருவேன் ஐயா" என்றான் மருதப்பன். "ஆனால் நான் செத்தால் கயிறு இல்லாததால் செத்தான் என்பீர்கள். பிழைத்தால் அக்காள் தம்பியை விட்டுவிட்டாள் என்பீர்கள். எப்படி விழுந்தாலும் உங்களுக்கே ஜெயம் என்கிற சோழியை நான் எதற்கு உருட்டுவது? ஒருத்தன் பிழைத்தான், ஒருத்தன் செத்தான் என்பது ஒரு அத்தாட்சியா?"

ராஜாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. காளகண்டர் கொண்டுவந்ததற்குச் சமமான அத்தாட்சி கொண்டு வா. நினைவிருக்கட்டும், ஒருவர் விடாமல் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிணறு இரண்டு பேரைத் தாங்கும்."

மருதப்பன் நேரே காவல்கூடத்துக்குப் போனான்.

"கயிறோட செத்தவங்களை என் கண்ணால பாத்திருக்கேன்டா தம்பி" என்றாள் பவளாயி. "முடிச்சு முடிச்சா இருக்கும் இடுப்புல. ஆனா எத்தனை பேருன்னு எண்ணி வச்சேனா? இன்னொண்ணு கேளு. எல்லாரும் குரல் கேட்டுக் காய்ச்சல் வருதுங்கிறான். நான் பக்கத்துல இருந்து பாத்தவ. காய்ச்சல் முந்தி, குரல் பிந்தி. குரல் கேட்டுப் பொழைச்சவங்களும் உண்டு. பயத்துல வெளிய சொல்றதில்ல."

"அப்ப மயானத்துக்கு வந்த நாப்பது பொணத்துல ஒண்ணுகூடக் கயிறோட வரலியே அக்கா. அது எப்படி?"

"அத மயானத்துல போய்க் கேளு. எங்கிட்ட கேட்டா?"

மறுநாள் உச்சிப்பொழுதில் மருதப்பன் மயானத்துக்குக் கிளம்பினான். ஏன் உச்சிப்பொழுது என்றால், அப்போதுதான் காளகண்டரின் ஒற்றர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அவன் காலடிச் சத்தம் அவனுக்கே இரண்டாகக் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. 'மருதப்பா, திரும்பிப் பாக்காதடா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

மயானத்து எல்லையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். அரண்மனைக்காரர்கள் எவரும் தீட்டுக்குப் பயந்து அதைத் தாண்டுவதில்லை. மருதப்பன் கல்லருகே நின்று உள்ளே பார்த்தான். மயானம் காக்கும் காத்தான் ஒரு பட்ட மரத்தடியில் உட்கார்ந்து, எழுத்தாணியால் ஓலைத் துணுக்கில் எதையோ கீறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரு கேள்வி."

"கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கிற கேள்வின்னா அந்தப் பக்கத்துக்குத் தக்க பதில்தான் வரும் சாமி" என்றான் காத்தான், தலை நிமிராமல்.

மருதப்பன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கல்லைத் தாண்டினான். காத்தான் இப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"காளகண்டர் ஆளுங்க உன்னை என்ன கேட்டாங்க?"

"அந்தக் கல்லுக்கிட்ட நின்னுகிட்டு, ஒவ்வொரு பாடைக்கும் 'எலே, கயிறு இருக்கா'ன்னு கத்துவாங்க. 'இல்லீங்க'ன்னு நானும் கத்துவேன். நெசமா இல்லதானே? எந்த ஊர்ல சாமி அரைஞாணோட எரிக்கிறாங்க? குளிப்பாட்டுற எடத்துலயே அறுத்துருவாங்களே!"

மருதப்பன் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான். நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். சாவு வீட்டில் முதல் வேலை அரைஞாணை அறுப்பது. ஆனால் தெரிந்தது வேறு, தெரிந்ததை நேரத்துக்கு நினைப்பது வேறு. பிணத்தைக் குளிப்பாட்டுகிற கைகள் சபைக்கு வருவதில்லை. சபையில் உட்காருகிற கைகள் பிணத்தைக் குளிப்பாட்டுவதில்லை.

"அறுத்த கயிறு எங்கே போகும்?"

காத்தான் எழுத்தாணியை உயர்த்திக் காட்டினான். மருதப்பன் அண்ணாந்து பார்த்தான்.

மரம் பட்டுப்போன மரம். இலை ஒன்று இல்லை. ஆனால் கிளைக்குக் கிளை கறுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அரைஞாண் கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஓலைத் துணுக்கு, அதில் ஒரு பேர். காற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தும் ஓலைகள் ஒன்றோடு ஒன்று உரசி, வாய்க்குள்ளேயே பேசுவது மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"வீட்டு ஆளுங்க பாடையோட கொண்டாந்து குடுப்பாங்க. பேரெழுதிக் கட்டிருவேன். பேர மறந்தா அவுங்க கோவிச்சுக்குவாங்க சாமி."

"யாரு?"

"அவுங்கதான்" என்றான் காத்தான், மரத்தைக் காட்டி.

மருதப்பன் அந்த ஒரு மாதத்துக் கிளையை மட்டும் இறக்கச் சொல்லி, ஒவ்வொரு கயிறாக எடுத்து முடிச்சு எண்ணினான். எண்ணிக்கொண்டே இருந்தபோது, தெற்கே கிணற்றுப் பக்கமிருந்து, "மருதப்பா" என்று ஒரு குரல் கேட்டது. பழகிய குரல் போலிருந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை. ஒரு முறை கூப்பிட்டால் பதில் சொல்லாதே என்பது அவன் தாய் சொன்னது.

"அண்ணே, உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லியே சாமி."

மருதப்பன் விட்ட இடத்திலிருந்து எண்ணினான். காலையிலிருந்தே கணகணத்த உடம்பு அன்று சாயங்காலம் அனலாகக் கொதித்தது. அக்காள் சொன்னபடி காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இரண்டு நாள் போர்வைக்குள் பல்லைக் கடித்தபடி கிடந்தான். வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. உச்சிக்கு இரண்டு நாழிகை முன்னால் மருதப்பன் ஒரு பட்ட கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு சபைக்குள் நுழைந்தான். முகம் வெளிறி இருந்தது, நடை தள்ளாடியது.

"மகாராஜா! ஒருவர் விடாமல் கேட்க வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. காளகண்டர் சிலரை விட்டுவிட்டார். அவர்களால் நடந்து வர முடியவில்லை. அதனால் நான் சுமந்து வந்திருக்கிறேன். கேட்கலாமா?"

"கேள்" என்றார் ராஜா. அவருக்கு விளங்கவில்லை.

மருதப்பன் கிளையை நடுச்சபையில் நிறுத்தி, முதல் ஓலையைப் பிடித்து வாசித்தான். "கம்மாளத் தெரு ஆண்டிச்சி! காளகண்டரின் கயிறு உன்னைக் காத்ததா?"

சபை அமைதியானது. மருதப்பன் காதைச் சாய்த்துக் காத்திருந்தான். நிஜமாகவே பதில் எதிர்பார்க்கிறவன்போல வெகுநேரம் காத்திருந்தான். பிறகு ஓலை எழுதுகிறவரைப் பார்த்து, "எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பதில் இல்லை" என்றான்.

"மேலத்தெரு சங்கிலிக் கோனார்! கயிறு உம்மைக் காத்ததா?" மறுபடியும் அமைதி. "பதில் இல்லை."

மூன்றாவது பேருக்கு யாரோ கனைத்தார்கள். ஏழாவது பேர் ஒரு பிரதானியின் மைத்துனன். பிரதானி முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வெயில் ஏறி, தூண்களின் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பேருக்கும் பிறகு வந்த அமைதியில் அந்த ஓலைகள் மட்டும் சலசலத்தன. தம் பேரும் அடுத்து வந்துவிடுமோ என்று சிலர் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"முப்பத்தொரு பேர் மகாராஜா" என்றான் மருதப்பன் கடைசியில். "எல்லாம் ஒன்பது முடிச்சு. அந்த நாற்பது பிணத்தில் முப்பத்தொன்று. குளிப்பாட்டும்போது அறுத்துவிட்டார்கள், அதனால் எல்லைக்கல்லில் நின்றவருக்குத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவனிடம் போய், நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால் மூவாயிரம் பேரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள் இந்த மரத்தில் இருந்தார்கள்."

மைத்துனனை இழந்த பிரதானி துள்ளி எழுந்தார். "அப்படியானால் இந்தக் கயிறுதான் கொல்கிறது! முப்பத்தொரு பேர்! காளகண்டரைக் கிணற்றில் இறக்குங்கள்!"

காளகண்டரின் முகம் சுண்ணாம்பானது. அந்தக் கணம் மருதப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பாழாய்ப்போன நேர்மை அவனை விடவில்லை.

"அதுவும் தப்பு ஐயா" என்றான். "ஊரில் நாலுக்கு மூன்று பேர் கயிறு கட்டியிருக்கிறார்கள். செத்தவர்களிலும் நாலுக்கு மூன்று பேர் கட்டியிருக்கிறார்கள். கயிறு கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். பயந்தவன் தேடிப் போய்க் கட்டினான், பயப்படாதவன் கட்டவில்லை. பயந்தவன் யார், கிணற்றுப் பக்கத்துத் தெற்குத் தெருவில் இருப்பவனா, ஏற்கெனவே நோயாளியா? நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து ஆயிரம் கதை கட்டலாம். கையால் செய்து பார்த்தால்தான் மகாராஜா நிசம் தெரியும்."

"எப்படிச் செய்வது?"

"அரண்மனைக் காவலர் இருநூறு பேர். நூறு கயிறு காளகண்டர் மந்திரம் ஓதி முடியட்டும். நூறு கயிறு மந்திரம் தெரியாத ஒருவர் முடியட்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். குடத்தில் போட்டுக் குலுக்கி, காவலர் பழைய கயிற்றை அறுத்துவிட்டு, கைக்கு வந்ததைக் கட்டிக்கொள்ளட்டும். யார் இடுப்பில் யார் கயிறு என்று கட்டியவருக்கும் தெரியக்கூடாது, காய்ச்சலைப் பார்க்கிற வைத்தியருக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதுவரை என் அக்காள் உயிரோடு இருக்கட்டும்."

ராஜாவுக்குக் கண் மின்னியது. அத்தாட்சிப் பைத்தியத்துக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்? "நாற்பத்தெட்டு நாள், அப்படியே! நானும் குடத்தில் கை விடுவேன்!" என்றார். பிரதானிகள் பதறினார்கள், கெஞ்சினார்கள். ராஜா கேட்கவில்லை. ஒரு காவலனை விலக்கிவிட்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது காவலர், ஒரு ராஜா என்று ஆயிற்று.

மந்திரம் தெரியாத அந்த ஒருவர் யார் என்பதை மருதப்பன் யாரிடமும் சொல்லவில்லை. இருநூறு கயிறும் காத்தானிடம் போயின. அவன் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஓலைத் துணுக்கைக் கட்டினான். எந்த எண் யார் முடிந்தது என்று தனி ஓலையில் எழுதி, செம்பில் போட்டு, ராஜமுத்திரை வைத்து, அந்தப் பட்ட மரத்தின் உச்சிக் கிளையில் தொங்கவிட்டான். எல்லைக்கல்லைத் தாண்டத்தான் அரண்மனையில் எவனும் இல்லையே. அதைவிட நல்ல பூட்டு எது?

ராஜா கைக்கு வந்தது எழுபத்தேழாம் எண்.

கட்டிய மறுநாளே ராஜா சபையில் சொன்னார்: "உச்சிப்பொழுதில் இடுப்பைச் சுற்றி ஒரு கதகதப்பு. மந்திரம் சுற்றி வருவதை உணர முடிகிறது." காளகண்டர் கைகூப்பி, "மகாராஜாவின் முகத்தில் தேஜஸே கூடியிருக்கிறது. நான் ஓதிய கயிறு என்று பார்த்தாலே தெரிகிறதே" என்றார்.

இருபதாம் நாள் ராஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. அரண்மனைக் குளம் வற்றியிருந்ததால் சித்திரையிலிருந்து அங்கேயும் கல்கிணற்றுத் தண்ணீர்தான். இருபத்தொன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அவர் படுக்கையில் விறைத்து எழுந்து உட்கார்ந்தார். "கூப்பிடுகிறார்கள்" என்றார். "என் பேர். பட்டத்துப் பேர் இல்லை. சின்ன வயதில் கூப்பிட்ட பேர்." சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் அவர்களுக்கு உதறல் எடுத்தது.

மருதப்பன் அன்று முழுக்கத் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ராஜா போனால் அன்றே அக்காளும் போவாள். பின்னாலேயே அவனும் போவான்.

ராஜா பிழைத்துக்கொண்டார். இருபத்தாறாம் நாள் எழுந்து, முதல் காரியமாகக் காளகண்டருக்குப் பொற்கடகம் போட்டார். "என் உயிரே சாட்சி. கயிறு காத்துவிட்டது. இனி அந்தப் பெண்ணை எதற்கு வைத்திருப்பது? நாளைக்கே கிணற்றில் இறக்குங்கள்."

மருதப்பன் ஓடி வந்தான். "மகாராஜா, நாற்பத்தெட்டு நாள் என்று தங்கள் வாயால் சொன்னீர்கள். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பாதி வெந்த சோற்றைப் பதம் பார்த்தது யார்? தங்கள் சொல் பொய்க்கலாமா?"

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். "இருபத்திரண்டு நாள். ஒரு நாள் கூடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து வருஷத்தில் அவர் மருதப்பனைப் பார்த்து அப்படி முகம் திருப்பியதில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் உச்சிப்பொழுது. கிணற்றை மூடும் பெரிய பலகைக்கல்லை ஆட்கள் உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். பவளாயியை விலங்கோடு மயானத்து எல்லைக்கு அழைத்து வந்தார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு அப்படியே கிணற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் அல்லவா?

"செம்பு மரத்தில் இருக்கிறது மகாராஜா" என்றான் மருதப்பன். "பார்க்கிறவர் கல்லைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்."

ராஜா காளகண்டரைப் பார்த்தார். "எனக்கு விரதம் மகாராஜா" என்றார் காளகண்டர். பிரதானிகளைப் பார்த்தார். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு நட்சத்திரம் சரியில்லை. ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கல்லைத் தாண்டினார். தலைக்குமேல் ஓலைகள் சலசலத்தன. இந்த மண்டலத்தில் செத்த காவலரின் கயிறுகளும் அங்கே தொங்கின; அந்தப் பேர்களை வாசித்தபடி ராஜா மெல்ல நடந்தார். காத்தான் செம்பை இறக்கினான். ராஜா முத்திரையைத் தம் கையாலேயே உடைத்தார்.

காத்தான் அந்த ஓலையை வைத்தியரின் கணக்கோடு ஒத்துப் பார்த்து வாசித்தான். காளகண்டர் முடிந்த நூறில் காய்ச்சல் கண்டவர் இருபத்தொருவர், செத்தவர் ஐவர். மற்ற நூறில் காய்ச்சல் கண்டவர் இருபத்து மூவர், செத்தவர் நால்வர்.

"பார்த்தீர்களா!" என்று கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து காளகண்டர் கத்தினார். "என் கயிற்றில் காய்ச்சல் இரண்டு குறைவு!"

"சாவு ஒன்று கூடுதல் ஐயா" என்றான் மருதப்பன். "நூறு சோழியை இரண்டு தடவை உருட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண்ணிக்கையா மல்லாந்து விழும்? ஒன்றிரண்டு முன்பின் எல்லாம் சோழி விளையாட்டு. மந்திரம் இருந்திருந்தால் அது இப்படி ஒளிந்து கொண்டிருக்காது."

ராஜா கையை உயர்த்தினார். "எழுபத்தேழாம் எண் யார் முடிந்தது?"

காத்தான் விரலை ஓலையில் ஓட்டிக்கொண்டே வந்தான். நின்றான். ஒரு தடவை எல்லைப் பக்கம் பார்த்தான்.

"பவளாயி அம்மா முடிஞ்சது, மகாராசா."

ராஜா தம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, விலங்கோடு நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீயா? காவல்கூடத்தில் இருந்துகொண்டா?"

"தம்பி நூறு கயித்தைக் கொண்டாந்து முடிஞ்சு குடுன்னான். சும்மாதானே கெடந்தேன்."

"முடியும்போது என்ன சொன்னாய்? உண்மையைச் சொல். என் இடுப்பில் கதகதவென்று சுற்றி வந்ததே, அது என்ன மந்திரம்?"

"மந்திரமா?" என்றாள் பவளாயி. "நூறு கயிறு, ஒவ்வொண்ணுக்கும் ஒம்பது முடிச்சு. அலுப்புத் தட்டுமேன்னு மொளகு ரசம் வைக்கிற பக்குவத்தைச் சொல்லிக்கிட்டே முடிஞ்சேன். ஒம்பதாவது முடிச்சுக்குத் தாளிச்சு எறக்கிருவேன்."

ராஜா விழித்தார். பிறகு வயிறு குலுங்கியது. பிறகு அந்தப் பட்ட மரத்தடியில், முந்நூறு செத்தவர் பேர்களுக்கு நடுவே, ராஜா சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கல்கிணற்றுப் பக்கமிருந்து அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பிரதானிகள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"ரசம்! ரசக் கயிற்றுக்குப் பொற்கடகம் போட்டிருக்கிறேன்! மருதப்பா, நானே சாட்சி என்றேனே. என்னைவிடப் பொய்ச்சாட்சி இந்த ராஜ்யத்தில் உண்டா? விலங்கை அவிழுங்கள்!"

பவளாயியின் விலங்கு கழன்றதும் மருதப்பன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். "சீ, ஊரே பாக்குது, மூக்கத் தொடைடா" என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

காளகண்டரின் பொற்கடகம் மருதப்பன் கைக்கு வந்தது. "என்னைக் கொன்றுவிடாதீர்கள்" என்று காளகண்டர் கும்பிட்டார். "கொல்ல மாட்டேன்" என்றார் ராஜா. "கல்லைத் தாண்டி உள்ளே வாரும். தினமும் உச்சிப்பொழுதில் அந்த முப்பத்தொரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கயிறு காத்ததா என்று கேளும். அவர்கள் ஆம் என்று சொல்லும் நாளில் அரண்மனைக்கு வரலாம்."

"உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று பவளாயியைக் கேட்டார்.

"எனக்குன்னு உருட்டிக்கிட்டு வந்த கல்லு வீணாப் போகக்கூடாது மகாராசா. அந்தக் கெணத்தை மூடுங்க. அந்தத் தண்ணிமேல எனக்கு ரெண்டு கோடையாச் சந்தேகம்."

"அதையும் குடத்தில் கைவிட்டுச் சோதித்துவிடலாமா? பாதிப் பேருக்குக் கிணற்றுத் தண்ணீர், பாதிப் பேருக்கு ஆற்றுத் தண்ணீர்?" ராஜாவுக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது.

"வேண்டாம் மகாராஜா" என்றான் மருதப்பன் அவசரமாக. "கயிற்றால் கெடுதல் இல்லை என்று தோன்றியது, அதனால் சோதித்தோம். விஷமோ என்று சந்தேகப்படுவதைச் சீட்டுப் போட்டுக் குடிக்க வைப்பது பாவம். அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடியும். அக்காள் பார்த்திருக்கிறாள்."

கிணற்றை மூடினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு ராஜா மருதப்பனைத் தனியாக நிறுத்தினார். "எல்லாம் சரி. என்னைக் கூப்பிட்டது யார்? அந்தப் பேர் என் தாய்க்கு மட்டுமே தெரியும். அவள் போய் முப்பது வருஷம் ஆகிறது."

மருதப்பனுக்கு, மரத்தடியில் தான் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. அது யாருடையது என்று இப்போது தெரிந்தது. "காய்ச்சல் முந்தி, குரல் பிந்தி என்கிறாள் அக்காள். அதற்குமேல் எனக்கு அத்தாட்சி கிடைக்கவில்லை மகாராஜா" என்றான்.

அடுத்த கோடையில் அந்த ஊரில் சாவு குறைந்தது. கதவுகள் உச்சிப்பொழுதிலும் திறந்தே கிடந்தன. குரல் நின்றதா என்று கேட்கிறீர்களா? நின்றுவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். உயிரோடு இருந்த எல்லோரும்.